பக்கத்துத் தட்டுக்கு முதல் துண்டு

மதாம் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசி நான் அதிகம் கண்டதில்லை. கைகளைத்தான் பார்ப்பார். வாசலில் வந்து நிற்கிறவரின் கை என்ன கொண்டுவந்திருக்கிறது, அதை எப்படிப் பிடித்திருக்கிறது, மேசையில் உட்கார்ந்த பிறகு கத்தியை எப்படி எடுக்கிறது, எல்லாம் பார்ப்பார். ஆறு வருஷம் அந்த வீட்டுக்குப் போய்வந்ததில் அவர் கண் என் மணிக்கட்டின்மேல் இருப்பது பழகிப்போயிருந்தது. இன்றைக்கும் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது சில நேரம் கை தானாக நின்றுவிடும். எதிர் நாற்காலியைப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள்.

ஊரில் அவரைச் சைகோன் அம்மா என்பார்கள், வீட்டுக்கு வருகிறவர்கள் பிரெஞ்சு வழக்கப்படி மதாம் என்று மரியாதையாக அழைப்போம். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். சைகோனில் இருபது வருஷம் குடித்தனம் நடத்தி, கணவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, புதுச்சேரிக்கு வந்து பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு சின்ன மாடி வீட்டில் இருந்தார். ஒரே மகன். அவனும் அப்பாவின் வழியில் பட்டாளத்துக்குப் போனான். இந்தோசீனாச் சண்டை முடிந்த ஐம்பத்துநாலில் ஒரு பிரெஞ்சுக் காகிதம் வந்தது. மகனைக் காணவில்லை என்றது. செத்தான் என்று அதில் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை.

"காணோம்னுதான எழுதியிருக்குது," என்பார் மதாம். "அப்பத் தேடணும். தேடறேன். இதுல குந்தி அழறதுக்கு இன்னா இருக்குது?"

அவர் சோறு போட்டுத் தேடினார். சைகோன் பக்கமிருந்து எந்தச் சொல்தா ஊர் திரும்பினாலும் அந்த வாரமே அவர் வீட்டைக் கண்டுபிடித்துப் போய்விடுவார். வெறுங்கையோடு போகமாட்டார். அடுத்த ஞாயிறு அந்த ஆள் மதாம் வீட்டு மேசையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்.

நான் அவரைச் சந்தித்தது தபாலாபீசில், பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம். எனக்குப் பதினாலு வயது. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா முதலியார்பேட்டையில் மில்லில் தறி ஓட்டினார். அம்மா கைநாட்டு. நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அதை ஊரே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. அன்று ஒரு முதியவருக்கு ஏதோ பிரெஞ்சுப் படிவத்தை வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கேட்டால் போதும். நான் தபாலாபீசு முழுவதும் கேட்கும்படி வாசித்தேன்.

"குரல் நல்லா இருக்குது பாப்பா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஞாயித்துக்கெழமையில இன்னா வேலை ஒனக்கு?"

திரும்பினேன். வெள்ளைப் புடவை, மூடிய செருப்பு, கையில் துணிக்குடை. என் பாவாடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கூலியாள் சாய்வான சின்ன எழுதுமேசை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். தரையில் உட்கார்ந்து எழுதுவதற்கான உயரம். பலகையின் மேல்விளிம்பில் மைக்கூடு நிற்க ஒரு குழி.

"பாவாடையில முட்டிகிட்ட மையா இருந்துச்சு," என்றார். "முட்டி மேல வெச்சுதான் எழுதுதுன்னு நெனச்சேன்."

அம்மா பதறிப்போனாள். "எதுக்கும்மா இதெல்லாம்? நாங்க இன்னா செஞ்சோம் ஒங்களுக்கு?"

"ஒண்ணும் செய்ய வேணாம். ஞாயித்துக்கெழம பாப்பாவ அனுப்புங்க. எனக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். எம் புள்ள கடுதாசியெல்லாம் பிரெஞ்சுல இருக்குது. சைகோன் பள்ளிக்கூடத்துல படிச்சவன், தமிழ் எழுத வராது."

அப்பா மேசையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வீட்டுக்குள் என் படிப்புக்கென்று வந்த முதல் மரச்சாமான் அது. என்னை அனுப்பமாட்டேன் என்று சொல்ல அதற்குப் பிறகு யாருக்கு வாய் வரும்? மறுக்க முடியாதபடி கொடுப்பதுதான் மதாமின் வித்தை. சண்டையில் வலக்கையை இழந்து வந்த ஒருவருக்கு, பித்தான் இல்லாமல் கொக்கி வைத்துத் தைத்த சட்டைகள் இரண்டு கொண்டுபோனார், இடக்கையால் மாட்டிக்கொள்ளலாம். அவரை அதற்கு முன் ஒரு தடவைதான் தெருவில் பார்த்திருந்தார். அந்த ஆள் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து, தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். மகனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

பரிசைப் பற்றி அவருக்குக் கறாரான எண்ணங்கள் உண்டு. "பூ கொண்டு போனா அத வெக்கறதுக்குக் கூசா தேடணும். பலகாரம் கொண்டு போனா இப்பவே பரிமாறணுமா, எடுத்து வெக்கணுமான்னு வீட்டுக்காரி முழிப்பா. வாங்கி ஓரமா வெச்சுட்டு அவ பாட்டுக்கு அவ வேலையப் பாக்கணும். நீ போன பொறவு எடுத்துப் பாக்கணும். அதுதான் பரிசு."

ஆனால் தம் வீட்டுக்கு வருகிறவர் எதைக் கொண்டுவந்தாலும் இரண்டு கையால் வாங்குவார். கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு சொல்தா வந்தார், மீனவக் குடும்பம். சாப்பாடு மேசைக்கு வந்த நேரத்தில் ஈரச் சாக்கில் முழங்கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரத்தை நீட்டினார்.

"மீனு அருமையான மீனு," என்றார் மதாம். "இத இப்ப யாரு கழுவறது? நானா, நீங்களா?"

அந்த ஆள் ஒரு நொடி யோசித்தார். "கத்தி எங்க இருக்குது மதாம்?"

கிணற்றடியில் உட்கார்ந்து அவரே கழுவினார். நாங்கள் அவருக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். மதாம் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் மீனை அரிவதையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சாப்பாட்டின் கடைசியில் ஃப்ரொமாழ் வரும். சிவப்பு மெழுகு பூசிய உருண்டையாகக் கப்பலில் வரும் பாலாடைக்கட்டி. மதாம் அதை அடுக்களையிலேயே ஆரஞ்சுச் சுளைபோலப் பிளந்து, ஒரு பெரிய சுளையை மட்டும் மரத்தட்டில் வைத்து, ஒரு சின்னக் கத்தியோடு கொண்டுவருவார். முதல் நாள் அதைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனபோது அம்மா என் கையை மோந்து பார்த்து, "கெட்டுப்போன மோர் வாசன வருது. கைய கழுவிட்டு உள்ள வா," என்றாள். எனக்கோ ரகசியமாக ஒரு பெருமை.

அதை வெட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. சுளையின் கூர்முனையைக் கிள்ளி எடுக்கக்கூடாது. அதுதான் மிருதுவான இடம், எல்லாருக்கும் பொது. முனையிலிருந்து தோல்வரைக்கும் நீளவாக்கில் மெல்லியதாக ஒரு துண்டு வெட்ட வேண்டும். அந்த முதல் துண்டு தன் தட்டுக்குப் போகக்கூடாது, இடப்பக்கம் இருக்கிறவர் தட்டுக்குப் போகவேண்டும். பிறகு கத்தியின் பிடியை அவர் பக்கமாகத் திருப்பி வைக்கவேண்டும். முனையைக் கிள்ளாமல் இருப்பது பிரெஞ்சுக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவான மரியாதை. மற்ற இரண்டும் அந்த வீட்டில் மட்டும் உள்ளவை, மதாமின் கணவர் ஏற்படுத்தியவை. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது. எல்லாமே பிரெஞ்சு நாகரிகம், நான் கற்றுத் தேர்ந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

தெரிந்துகொள்ள எனக்கு வழி இருந்தது. மகனின் கடைசிக் கடிதத்தை மதாமுக்கு இருபது தடவையாவது நான் வாசித்திருப்பேன். மலைமேல் ஒரு காவல் முகாமில் இருப்பதாகவும், விமானத்திலிருந்து பெட்டிகள் போடுவதாகவும், ஒரு பெட்டியில் ஃப்ரொமாழ் டப்பா இருந்ததாகவும் எழுதியிருந்தான். ஆளுக்கொரு பக்கம் பிய்த்தார்களாம். 'அப்பா வெட்டுவதுபோல் வெட்டிக் காட்டினேன். இப்போது என் கூட்டாளிகள் எல்லாரும் நம் வீட்டு மாதிரிதான் வெட்டுகிறார்கள், அம்மா. முதல் துண்டைப் பக்கத்தில் இருப்பவனுக்கு வைக்காதவனை உதைக்கிறார்கள்.' அந்த இடத்தில் மதாம் விரலை உயர்த்துவார். மறுபடி வாசிப்பேன்.

மேசையில் மரத்தட்டை எப்போதும் புதிதாக வந்த சொல்தாவின் முன்னால்தான் முதலில் வைப்பார். வைத்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார். அந்த ஆள் முனையை வெட்டி வாயில் போட்டுக்கொள்வார். சிலர் பாதிச் சுளையை எடுத்துவிடுவார்கள். "நல்லா எடுத்துக்கோங்க," என்பார் மதாம், குரல் மாறாமல். பிறகு மீதியை ஈரத்துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோவார். திரும்பி வர நேரமாகும்.

விருந்தாளிகளின் மரியாதைக்குறைவு அவரை வருத்துகிறது என்றே நான் நினைத்தேன். கடிதத்தை வாசித்தவள் நான், மேசையில் உட்கார்ந்திருந்தவளும் நான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு தடவை ஒருவரிடம், "முனையை வெட்டக்கூடாதுங்க," என்று ஆரம்பித்தேன். மேசைக்கடியில் மதாமின் செருப்பு என் கால்மேல் அழுந்தியது. அந்த ஆள் போன பிறகு மதாம், "விருந்தாளிக்குச் சொல்லிக் குடுக்காத பாப்பா. அவங்க கை எப்படிப் போவுதோ அப்படிப் போவட்டும்," என்றார். அதையும் பண்பாடு என்று எடுத்துக்கொண்டேன்.

சாமந்திப் பூவைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் ப்ரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சையில் தேறிய வருஷம், மதாம் என் அப்பா அம்மாவையும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அம்மா விடியற்காலையிலேயே பெரிய மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கூடை சாமந்தி வாங்கினாள். மஞ்சள் மஞ்சேரென்று இருந்தது. நல்ல காரியத்துக்குப் போகும்போது அவளுக்குத் தெரிந்த உயர்ந்த பொருள் அதுதான். கூடையைத் தானே இடுப்பில் சுமந்து வந்தாள்.

அன்று பக்கத்துத் தெருவில் இருந்த வயதான சொல்தா ஒருவரும் வந்திருந்தார். பிரான்சில் பத்து வருஷம் இருந்தவர். கூடையைப் பார்த்ததும், "சாமந்தியா?" என்று சிரித்தார். "பிரான்சுல இத கல்லறைக்குத்தாம்மா கொண்டு போவாங்க. செத்தவங்களுக்கு."

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. மதாம் கூடையை இரண்டு கையாலும் வாங்கினார். உள்ளிருந்து ஒரு சரத்தை எடுத்து அம்மாவின் தலையில் வைத்தார். "ஒங்க தலைக்கு எவ்ளோ நல்லா இருக்குது பாருங்க," என்றார். எல்லாரும் உட்கார்ந்தோம். சாப்பாடு பரிமாறி முடித்து, ஃப்ரொமாழ் எடுத்துவரப் போன மதாம் வெகுநேரம் வரவில்லை. நான் எழுந்து போனேன். கிணற்றுக்குப் பின்னால் மண்வெட்டியால் குழி பறித்து, பூக்களைக் கைகையாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மண்ணைத் தள்ளி மிதித்தார். தோய்க்கிற கல்லில் சோப்பை எடுத்து ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை கை கழுவினார். என்னைப் பார்த்தார்.

"இந்த வூட்ல யாரும் சாவல," என்றார், சாதாரணமாக. பிறகு மரத்தட்டை எடுத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு உள்ளே போனார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் அம்மாவோடு பேசவில்லை. அவள் என்னைத் தலைகுனியவைத்துவிட்டாள் என்று கோபம். அம்மா தலைப்பூவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு பின்னால் நடந்து வந்தாள். இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த வயதில் நான் அப்படித்தான் இருந்தேன். அப்படி இருந்ததால்தான் அடுத்தது நடந்தது.

அறுபதாம் வருஷம். நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். சொல்தாக்கள் வருவது குறைந்துபோயிருந்தது. வந்தவர்களும் அல்ஜீரியாவிலிருந்து வந்தார்கள். அந்த நிலையில் அரியாங்குப்பத்தில் ஒருவன் விடுப்பில் வந்திருப்பதாகவும், பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் சைகோனில் இருந்தவன் என்றும் மதாமுக்குச் செய்தி கிடைத்தது. விவசாயக் குடும்பம். அவன் தாய்க்கு மூட்டுவலி. அந்தத் தாய் உட்கார்ந்து நாற்று முடியலாம்படி மதாம் ஒரு தாழ்ந்த முக்காலி செய்வித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவன் வெளிக்கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். கையில் வாசனைச் சோப்புப் பெட்டி. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, நீ இந்த வூடா?"

"வந்துபோற பொண்ணு. உள்ள வாங்களேன்."

"முள்ளுக்கரண்டியெல்லாம் வெப்பாங்களா? நம்மள்து தட்டுல கொட்டித் தின்ற பழக்கம். பட்டாளத்துலயும் அப்படித்தான். அந்தம்மா எங்க ஆத்தாவுக்கு அவ்ளோ செஞ்சிருக்காங்க, இங்க வந்து அசிங்கமா எதனா பண்ணிட்டன்னா?"

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அதைவிடவும், எனக்குத் தெரிந்ததை ஒருவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்ற சந்தோஷம் வந்தது. மேசையில்தான் சொல்லிக் கொடுக்கக்கூடாது. இது வாசல். பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்தேன். சிமெண்டுப் படியில் ஒரு சுளை வரைந்தேன். முள்கரண்டியை விட்டுவிட்டேன், அதை யாரும் பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம். "கடைசியா இது வரும். எல்லாரும் தப்புப் பண்றது இதுலதான். இந்த முனைய வெட்டாதீங்க. இப்படி நீளமா. மொத துண்டு ஒங்களுக்கு இல்ல, எடப்பக்கம் இருக்கிறவங்க தட்டுல வைங்க. கத்தியத் திருப்பி வைங்க, பிடி அவங்க பக்கம் வரணும்."

அவன் விரலால் காற்றில் செய்து பார்த்தான். நன்றாகவே செய்தான். "அவ்ளோதானா?" என்றான். படியைக் காலால் தேய்த்துவிட்டு இருவரும் உள்ளே போனோம்.

சாப்பாடு முழுவதும் அவன் தடுமாறினான். சைகோனில் ஆஸ்பத்திரியில் மலேரியாவோடு இரண்டு மாதம் படுத்திருந்ததாகச் சொன்னான். மதாம் கேட்டுக்கொண்டார். மரத்தட்டு வந்தது. அவன் முன்னால் வைத்தார். பேச்சு நின்றது.

அவன் முனையிலிருந்து தோல்வரை மெல்லியதாக வெட்டினான். துண்டை எடுத்து, இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மதாமின் தட்டில் வைத்தான். கத்தியைத் திருப்பி, பிடி அவர் பக்கம் வரும்படி வைத்தான். பிறகு, சரியாகச் செய்தேனா என்பதுபோல் என்னைப் பார்த்தான்.

நான் மதாமைப் பார்த்தேன். அவர் தம் தட்டில் இருந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாக அந்த முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து விழுவதைக் கண்டேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடிதமும் மேசையும் என் தலைக்குள் ஒன்றாக வந்து நின்றன. மகனோடு இருந்த ஒரு கையைத்தான் அவர் இத்தனை நாளும் அந்த மேசையில் தேடிக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார். "இப்படி வெட்ட யாரு சொல்லிக் குடுத்தாங்க ஒனக்கு?"

அவன் மறுபடி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கூட இருந்தவங்கம்மா," என்றான்.

"எங்க?"

"அங்கதான். ஆஸ்பத்திரியில."

அவர் எழுந்து போய் மகனின் படத்தை எடுத்துவந்தார். மேசையைச் சுற்றி வந்து அவன் பக்கத்தில் நின்றார். "இவனா?"

அவன் படத்தை வெகுநேரம் பார்த்தான். நெற்றியில் வேர்த்தது. "இவரு மாதிரிதான் இருந்தாரு," என்றான். "ஆமாம்மா. இவருதான்."

"எந்த வருஷம்?"

"ஐம்பத்தஞ்சு."

காகிதம் வந்தது ஐம்பத்துநாலில். மதாம் கணக்குப் போட்டதை நான் பார்த்தேன். உட்கார்ந்து தம் தட்டில் இருந்த துண்டை எடுத்து, மிகமிகச் சின்னதாகக் கடித்து, நேரமெடுத்துத் தின்றார்.

சொல்லியிருக்கலாம். 'நான்தான் மதாம், படியில் வரைந்து காட்டினேன்' என்று ஐந்தாறு வார்த்தைகள். சொல்லவில்லை. வாய் எழாததற்கு அவர்மேல் வைத்த இரக்கம் காரணம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அவர் கண்ணில் நான் சிறுத்துப்போவதை என்னால் தாங்க முடியாது. அதுதான்.

அவனைத் தெருமுனையில் ஓடிப் பிடித்தேன். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"நீ ஏன் தலையக் குனிஞ்சுகின?" என்றான். "வாசல்ல கத்துக்கினேன்னு சொன்னா அசிங்கம்னு மொத வார்த்தையச் சொன்னேன். அப்புறம் அந்தம்மா மொகத்தப் பாத்தியா? அதுக்கு மேல எப்படி இல்லன்றது? நீ போயிச் சொல்லு. நீதான படிச்சவ."

அடுத்த மாதம் அவன் விடுப்பு முடிந்து போய்விட்டான். மதாம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் நின்றுவிட்டது. தேடவேண்டியது கிடைத்த பிறகு எதற்கு விருந்து? அதற்குப் பதிலாகக் கடிதங்கள். சைகோன் ஆஸ்பத்திரியில் ஐம்பத்தைந்தில் படுத்திருந்த என் மகனை எங்கே மாற்றினீர்கள் என்று பட்டாள அலுவலகத்துக்கு, பிரான்சில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு, கன்னியர் மடங்களுக்கு. எல்லாம் என் கையெழுத்தில், என் நல்ல பிரெஞ்சில். 'நேரில் கண்ட சாட்சி உண்டு' என்ற வாக்கியத்தை எத்தனை தடவை எழுதினேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிடுவேன் என்றுதான் வாய்க்கால் பாலத்தைக் கடப்பேன். இல்லை என்றுதான் பதில்கள் வந்தன. "மறைக்கறாங்க," என்பார். "அடிபட்டு மொகம் மாறியிருக்கும். வெக்கப்பட்டுக்கினு பேர மாத்திச் சொல்லியிருப்பான்."

அறுபத்தொன்றில் வீட்டை ஒருவரிடம் விட்டுவிட்டுப் பிரான்சுக்குக் கப்பலேறினார். மூட்டை கட்டும்போது நான் கூட இருந்தேன். "கெடச்சதும் மொத கடுதாசி ஒனக்குத்தான் பாப்பா," என்றார். அன்றும் அவர் கண் என் கையில்தான் இருந்தது. கயிற்றின் முடிச்சு சரியாக விழவில்லை. அவர் அவிழ்த்துத் தாமே போட்டுக்கொண்டார்.

கடிதம் அறுபத்திரண்டில் வந்தது. குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்ததால், நீ பிரெஞ்சா இந்தியாவா என்று ஊரில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு திரிந்த வருஷம் அது. தமிழில், அவர் கைப்பட எழுதியிருந்தார்.

'பாப்பா, அவன் கிடைத்துவிட்டான். இங்கே பழைய சொல்தாக்களின் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். தலையில் அடி. பேச்சு இல்லை. என்னைத் தெரியவில்லை. வாரம் ஒரு நாள் பார்க்க விடுகிறார்கள். வெறுங்கையோடு போவதில்லை, ஃப்ரொமாழ் கொண்டு போகிறேன். முதல் நாள் அவன் முனையை வெட்டிவிட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. மெதுவாகக் கையைப் பிடித்துக் காட்டினேன். இரண்டாம் வாரமும் காட்டினேன். நாலாவது வாரம் முதல் துண்டை என் தட்டில் வைத்தான். மறந்தது திரும்ப வருகிறது. அவன் காகிதத்தில் வேறு பெயர் இருக்கிறது, பாகூர்ப் பக்கம் ஏதோ ஊர். காகிதம் எழுதுகிறவர்கள் தப்பு செய்வார்கள். பெயரை மாற்றச் சொல்லி நீ ஒரு மனு எழுதி அனுப்பு. உன் பிரெஞ்சுதான் நல்ல பிரெஞ்சு.'

அடியில் அந்தப் பெயரையும் ஊரையும், மனுவில் பிழையில்லாமல் வரவேண்டும் என்று, கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்.

மனுவை நான் எழுதவில்லை. மதாமுக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். வாசலில் நடந்ததை, சுண்ணக்கட்டியை, நான் தலை குனிந்ததை. அலங்காரமில்லாமல் ஒரு பக்கம். தபாலில் போட்ட பிறகு பெட்டியின் வாயில் கையை விட்டுத் துழாவினேன். எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, ஆற்றைக் கடந்து, பாகூருக்கும் அப்பால் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தேன். கடைசித் தெருவில் கூரை வீடு. ஒரு பெண்மணி வாசலில் மணிலாக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொல்லி, அவருடைய அம்மா நீங்களா என்று கேட்டேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "ரெண்டு கடுதாசி வந்துச்சு," என்றார். "வெள்ளக்காரப் பாசையில. படிக்க ஆளு இல்ல. நல்ல சேதின்னா அவனே வந்திருப்பான்னு பெட்டியில போட்டு மூடிட்டோம். நீ யாருமா?"

"ஒங்க புள்ள உசுரோட இருக்காரு," என்றேன். "பிரான்சுல, ஆஸ்பத்திரியில. பேச்சு வரல."

அவர் கொட்டைகளின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். காகம் ஒன்று வந்து கொத்தியது, விரட்டவில்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அவ்ளோ தூரத்துல," என்றார், "சாப்புட்டானா இல்லையான்னு பாக்க அவனுக்குன்னு ஒரு ஆளு இருக்குதாம்மா?"

"இருக்காங்க," என்றேன். "ஒரு அம்மா இருக்காங்க."